நுண்மையை அளந்த பேரறிஞர்

சென்னைக்குத் தெற்கே, மாமல்லபுரம் செல்லும் பழைய நெடுஞ்சாலையில் கேளம்பாக்கம் என்னும் ஊர் உள்ளது. உப்பளங்களுக்கும் உப்பங்கழிக்கும் பெயர் பெற்றது அவ்வூர். பாத்தியில் தேக்கிய உவர்நீர் வெயிலிற் காய்ந்து உப்பாவதை அங்குள்ளோர் நன்கு அறிவர். ஆயினும், நாள் முழுதும் பாத்தியருகே இமையாது அமர்ந்திருப்பினும், உப்புப் பூக்கும் அந்தக் கணத்தைக் கண்டவர் எவருமிலர். வரப்போரத்துப் புல் வளர்வதும் அத்தகையதே. நேற்றைய அளவையும் இன்றைய அளவையும் ஒப்பிட்டு, அது வளர்ந்துள்ளது என்று உய்த்துணர்கின்றோமேயன்றி, வளரும் வினையை நாம் கண்ணாற் கண்டதில்லை. அவ்வினையைக் கண்முன் காட்டிய பெருமை நம் நாட்டு அறிஞர் ஒருவரைச் சாரும். அவரே ஜகதீச சந்திர போஸ்.

போஸ், 1858-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30-ஆம் நாள், இன்று வங்காள தேசத்தில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர போஸ் துணை மாஜிஸ்திரேட்டாகப் பணியாற்றியவர். அக்காலத்தில் உயர்பதவியாளர் தம் மக்களை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புதலே வழக்கம். பகவான் சந்திரரோ, ஒருவன் முதலில் தன் தாய்மொழியையும் தன் மக்களையும் அறிதல் வேண்டும் என்ற கொள்கையினர். ஆதலின், மகனைத் தாய்மொழிப் பள்ளியிற் சேர்த்தார். ஏவலாளர் மகனும் மீனவர் மகனும் அங்கே போசுக்கு உற்ற தோழராயினர். நீர்வாழ் உயிர்களைப் பற்றி அவர்கள் கூறிய கதைகள், இயற்கையைக் கூர்ந்து நோக்கும் வேட்கையை இளம் உள்ளத்தில் விதைத்தன.

பின்னர்க் கல்கத்தாவில் தூய சவேரியார் கல்லூரியிற் பயின்ற போஸ், 1880-இல் மருத்துவம் கற்க இலண்டன் சென்றார். ஆனால், கொடிய காய்ச்சல் அவரை விடாது வருத்தியது. மருத்துவக் கல்வியைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் இயற்கை அறிவியல் பயிலலானார். ஆங்கே ரேலே பிரபு என்னும் பேரறிஞர் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். அளப்பதிற் பிழை நேராது காக்கும் திறனிற் சிறந்து விளங்கிய ரேலேயிடம் கற்ற கல்வி, போசின் வாழ்நாள் முழுதும் பயன்பட்டது.

1885-இல் அவர் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியற் பேராசிரியரானார். அந்நாளில் ஆங்கிலேயர் பெறும் ஊதியத்தில் மூன்றில் இரு பங்கே இந்தியர்க்கு வழங்கப்பட்டது. தற்காலிகப் பணியில் அமர்த்தப்பட்ட போசுக்கு அதிலும் பாதியே கிடைப்பதாயிற்று. செய்யும் பணி ஒன்றாயிருக்க ஊதியம் மட்டும் வேறாதல் முறையன்று எனக் கருதிய அவர், மூன்றாண்டுகள் ஊதியம் பெறாமலே பாடம் நடத்தினார். இறுதியில் அரசினர் தம் தவற்றை உணர்ந்து முழு ஊதியத்தையும் பின்தேதியிட்டு வழங்கினர். இவ்வறப்போராட்டத்தினிடையே, 1887-இல், அவர் அபலா அம்மையாரை மணந்தார். வங்காளத்தினின்றும் நம் சென்னைக்கு வந்து மருத்துவக் கல்லூரியிற் சில காலம் பயின்ற நங்கை அவ்வம்மையார்.

கல்லூரியில் ஆய்வுக்கூட வசதி மிகுதியும் இல்லை. சிறியதோர் அறையில், தகரவேலை செய்யும் தொழிலாளி ஒருவரைப் பழக்கி, வேண்டிய கருவிகளைப் போஸ் தாமே செய்து கொண்டார். 1895-இல் கல்கத்தாவில் மின்காந்த அலைகளைச் சுவர்களினூடே செலுத்தி, அப்பாலிருந்த மணியை ஒலிக்கவும் வெடிமருந்தை வெடிக்கவும் செய்து காட்டினார். தொலைவிலிருந்து வரும் அலை மிக மெலிந்தே வந்து சேரும். அம்மெலிந்த குறிப்பை உணரக் கலேனா என்னும் ஈயக் கனியத்தைப் பயன்படுத்திய அவருடைய கருவிக்கு 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

பின்னர் அவர் உள்ளம் செடிகொடிகளின்பாற் சென்றது. தொட்டாற்சுருங்கி தொட்டவுடன் சுருங்குகின்றது. ஏனைய செடிகள் தீண்டலை உணராவோ? உணர்ந்தும் அவற்றின் அசைவு நம் கண்ணுக்கு எட்டாதிருக்கின்றதோ? இவ்வினாவுக்கு விடை காண, செடியின் இரண்டிடங்களுக்கு இடையே தோன்றும் மிகச் சிறிய மின்வேறுபாட்டை அளந்தார். 1901-இல் இலண்டன் அறிஞர் முன்னிலையில் தம் முடிபுகளை விளக்கினார். உயிரியல் அறிஞர் சிலர் அவற்றை ஏற்க மறுத்தனர். இயற்பியலார் ஒருவர் தம் எல்லையைக் கடந்து வந்துவிட்டார் என்று அவர்கள் எண்ணினர். போஸ் மனம் தளர்ந்திலர். ஐயுறுவோரை வெல்லச் சொல் போதாது, கருவியே வேண்டும் எனத் தெளிந்தார்.

செடி ஒரு நொடியில் வளரும் அளவு ஏறத்தாழ ஓர் அங்குலத்தின் 1,00,000 பங்கில் ஒரு பங்கே ஆகும். இதனைப் பெருக்கிக் காட்டுதல் எங்ஙனம்? நெம்புகோலின் ஒரு முனை சிறிது அசைந்தால் நீண்ட மறுமுனை மிகுதியாக அசையும். ஒரு கோல் 100 மடங்கு பெருக்க, அதனோடு இணைந்த மற்றொரு கோல் மீண்டும் 100 மடங்கு பெருக்க, வளர்ச்சி 10,000 மடங்காகத் தோன்றும். இதுவே அவர் அமைத்த கிரெஸ்கோகிராப் என்னும் வளர்ச்சி அளவி.

ஆனால், பெருக்குதல் எளிது. பிழையின்றிப் பெருக்குதலே அரிது. கோல் கனமாயின் அதன் சுமையே செடியின் வளர்ச்சியைத் தடுக்கும். ஆதலின், இலேசான அலுமினியக் கலவையாற் கோல் செய்தார். கோலின் முனை புகை படிந்த கண்ணாடித் தகட்டில் இடைவிடாது உரசினால், உராய்வு அசைவைக் கெடுக்கும். ஆதலின், தகடு நொடிக்கொரு முறை முனையைத் தொட்டு விலகுமாறு செய்தார். தொடர்கோட்டிற்கு மாறாகப் புள்ளிவரிசை விழுந்தது, உராய்வு குறைந்தது. அளக்கும் கருவி அளக்கப்படும் பொருளை வருத்தலாகாது என்பதே அவர் கண்ட நெறி.

மற்றொரு நுட்பமும் உண்டு. செடி வளரும் அதே வேகத்தில் அதனைக் கடிகாரப் பொறியாற் கீழே இறக்கினார். வளர்ச்சியும் இறக்கமும் ஒத்தபோது முனை நேர்கோடு வரைந்தது. மருந்தாலோ ஒளியாலோ வளர்ச்சி சிறிது மாறினும், கோடு மேலோ கீழோ விலகியது. துலாக்கோலின் இரு தட்டும் சமனாய் நிற்கையில் ஒரு நெல் விழினும் முள் சாயுமன்றோ? அதுபோல, சமனான பெரியவற்றை நீக்கி, எஞ்சும் சிறு வேறுபாட்டை மட்டும் காட்டியது அக்கருவி.

பின்னர்க் காந்த ஆற்றலாலும் ஒளிக்கற்றையாலும் இயங்கும் வேறோர் அளவியை அமைத்தார். அதன் பெருக்கம் 10 இலட்சம் மடங்குக்கும் மேற்பட்டது. 1920-இல் வாலர் என்னும் இலண்டன் உடலியல் அறிஞர் அதனை ஐயுற்று இதழில் எழுதினார். மனித இதயத்தின் மின்துடிப்பை உடலின் வெளிப்புறத்திலிருந்தே 1887-இல் முதன்முதற் பதிவு செய்தவர் அவர். நுண்குறிப்பை அளத்தலின் இடர்ப்பாடுகளைத் தாமே அறிந்தவர் கேட்ட வினாவைப் புறக்கணித்தல் இயலுமோ? போஸ் பின்வாங்கவில்லை. அவ்வாண்டு ஏப்பிரல் திங்களில் இலண்டன் பல்கலைக் கழகக் கல்லூரியில் அறிஞர் குழுவின் முன் கருவியை இயக்கிக் காட்டினார். மறைந்த தம் ஆசிரியரின் பட்டத்தை ஏற்ற மைந்தர் ரேலேயும் அக்குழுவில் இருந்தார். 10 இலட்சம் முதல் 100 இலட்சம் மடங்கு வரையிலான பெருக்கத்திலும் கருவி செடியின் வளர்ச்சியைச் சரியாகவே காட்டுகின்றது எனக் குழுவினர் அறிவித்தனர். அவ்வாண்டே போஸ் இராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப் பெற்றார்.

1917-இல் கல்கத்தாவில் அவர் நிறுவிய போஸ் ஆய்வுக்கழகம் இன்றும் அறிவுத் தொண்டாற்றி வருகின்றது. 1937-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் கிரிதியில் அவர் மறைந்தார். செடிகளின் உணர்ச்சி பற்றி அவர் கூறிய கருத்துகள் யாவற்றையும் பிற்கால அறிஞர் ஏற்றிலர். எனினும், நுண்ணியதைப் பழுதறப் பெருக்கிய அவர்தம் திறனை உலகம் போற்றுகின்றது.

மாணவர்களே! கேளம்பாக்கத்து மருத்துவமனையில் ஒரு முதியவரின் இதயத்தைச் சோதிப்பதாகக் கொள்வோம். அவ்விதயத்தின் மின்குறிப்பு, தோலின்மேல் ஏறத்தாழ ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் ஒரு பங்கே. அறையிலுள்ள மின்கம்பிகளோ, நொடிக்கு 50 முறை மாறும் பெரிய இரைச்சலை உடலிற் புகுத்துகின்றன. ஆயினும், கருவிப் பெருக்கி என்னும் மின்னணு உறுப்பு, உடலின் ஈரிடங்களினின்றும் வரும் குறிப்புகளை ஒப்பிடுகின்றது. இரண்டிற்கும் பொதுவான இரைச்சலைத் தள்ளி, வேறுபாட்டை மட்டும் பெருக்குகின்றது. உடலிலிருந்து மின்னோட்டத்தை அது ஏறக்குறைய எடுப்பதேயில்லை. போஸ் இக்கருவியைக் கண்டவரல்லர். ஆயினும், அளக்கும் பொருளை வருத்தாமையும், சமனானதை நீக்கி வேறுபாட்டைக் காண்டலுமாகிய அவ்விரு நெறிகளையும் இதனுள்ளே காண்கின்றோம்.

சிறியதைப் பெரிதாக்கிப் பேசுவோர் உலகிற் பலர். அவ்வாறு பெருக்குங்கால் பொய் ஒரு துளியும் கலவாது காப்போர் சிலரே. அச்சிலருள் ஒருவராய் விளங்கிய போசின் வாழ்க்கை, ஐயத்தைச் சினத்தால் அன்றி மெய்யால் வெல்லும் வழியை நமக்குக் காட்டுகின்றது.