வறட்சியை முந்திய விதை
(பி.எஸ்ஸி., இரண்டாம் ஆண்டு, தாவரவியல்)

வானம் பொய்த்தால் உழவன் விதியை நொந்துகொள்வான். விதியை நோவதை விட்டு விதையை மாற்று என்று செயலால் காட்டியவர் வில்லியம் ஃபாரர்.

இவர் 1845ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு குத்தகை உழவரின் மகனாகப் பிறந்தார். கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்று 1868இல் பட்டம் பெற்றார். மருத்துவம் படிக்கத் தொடங்கியவரைக் காசநோய் தடுத்தது. நலம் நாடி 1870இல் ஆஸ்திரேலியா சென்றார். ஆசிரியராகவும் பின்னர் நில அளவையாளராகவும் பணியாற்றினார்.

அங்கே உழவர்கள் ஐரோப்பியக் கோதுமை வகைகளையே விதைத்து வந்தனர். அவை நிதானமாக வளர்ந்து காலந்தாழ்ந்து பூப்பவை. மணி பிடிக்கும் வேளையில் மண்ணின் ஈரம் வற்றிவிடும், வெப்பம் ஏறிவிடும். மணிகள் சுருங்கிப் பதராகும். துரு நோயும் பயிரைத் தின்றது.

ஃபாரர் 1886இல் அரசுப் பணியைத் துறந்தார். மரம்பிட்ஜி ஆற்றங்கரையில் இருந்த தமது லாம்பிரிக் பண்ணையில் கோதுமை ஆய்வைத் தொடங்கினார். 1889 முதல் ஒரு வகையின் மகரந்தத்தை வேறொரு வகையின் சூலகமுடியில் இட்டுக் கலப்பினம் உண்டாக்கினார். மெண்டலின் விதிகளை உலகம் மீண்டும் கண்டுகொண்டது 1900இல்தான் என்பதை நினைத்தால் வியப்பு மேலிடுகிறது! விரைவில் முதிரும் பண்பை அவருக்கு வழங்கியவை இந்தியக் கோதுமைகள். அவற்றுள் ஒன்றான 'எட்டாவா'வின் வழித்தோன்றலே 1901இல் வெளிவந்த 'ஃபெடரேஷன்' கோதுமை.

வறட்சியைத் தாங்கப் பயிருக்குப் பல வழிகள் உண்டு. வேர் ஆழ இறங்கும், இலைத்துளைகள் மூடும், மெழுகுப் பூச்சு நீரிழப்பைக் குறைக்கும். ஃபெடரேஷனோ ஈரம் தீருமுன் மணி முற்றித் தப்பித்துக்கொண்டது! 1895 முதல் 1902 வரை கொடும் வறட்சியில் வாடிய நாட்டுக்கு அது பெரும் பேறாயிற்று. பழுப்புக் கதிரும் குட்டைத் தாளும் கொண்ட அந்த வகை 1910க்குப் பின் பல்லாண்டுகள் அந்நாட்டில் முதலிடம் பெற்றது. அந்த வெற்றியைக் காணாமலே 1906இல் ஃபாரர் மறைந்தார். 1966இல் வெளியான ஆஸ்திரேலிய இரண்டு டாலர் தாளில் அவர் உருவம் இடம்பெற்றது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பட்டம் பெறுவது மண்ணை விட்டு விலகுவதற்கே என்று எண்ணியிருந்தேன். நண்பர்களே, பட்டத்தோடு வயலுக்குத் திரும்பிய ஓர் உழவர் மகனின் வரலாறு என் எண்ணத்தை மாற்றிவிட்டது.