மூன்று புரிக் கயிறு

ஜி.என். ராமச்சந்திரன் மருத்துவர் அல்லர், இயற்பியலாளர். ஆயினும், பரம்பரையாக வரும் சிறுநீரக, ரத்த நாள நோய்கள் சிலவற்றைப் புரிந்துகொள்ள அவரது ஆய்வே அடித்தளம்.

1922-இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர்; தந்தை கணிதப் பேராசிரியர். பெங்களூரில் சர் சி.வி. ராமனிடம் பயின்று, கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்று, 1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானார். சென்னை வந்த பிரிட்டிஷ் அறிஞர் பெர்னால், கொலாஜன் புரதத்தின் அமைப்பு இன்னும் விடுபடாத புதிர் என்று அவருக்குச் சுட்டிக்காட்டினார். மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கங்காரு வாலின் தசைநாண் கிடைத்தது. கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து அதனை எக்ஸ் கதிரால் ஆராய்ந்தார். மூன்று இழைகள் கயிறுபோல் முறுக்கிக் கிடப்பதே கொலாஜன் என்று 1954-இல் அறிவித்தார்.

அக்கயிற்றில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் இருந்தாக வேண்டும். மிகச் சிறிய அந்த அமினோ அமிலத்துக்கு மட்டுமே நடுவில் இடம் உண்டு. மரபணுப் பிழையால் அங்கு வேறொன்று வந்தமர்ந்தால் புரி நெகிழும். மூன்றாம் வகைக் கொலாஜனில் அது நேர்ந்தால், சிறுநீரகத் தமனி உள்ளிட்ட நாளங்கள் இளவயதிலேயே கிழியக்கூடும். இது எலர்ஸ்-டான்லோஸ் நோயின் ரத்த நாள வகை. நான்காம் வகையில் நேர்ந்தால் சிறுநீரகத்தின் வடிகட்டிச் சவ்வு சிதையும்; காதும் மந்தமாகும். இது ஆல்போர்ட் நோய்.

1963-இல் புரத அமைப்புகளைச் சரிபார்க்கும் வரைபடத்தையும் தந்த ராமச்சந்திரன், பின்னர் பெங்களூருக்குச் சென்றார். நோபல் பரிசு பெறாமலே 2001-இல் சென்னையில் மறைந்தார்.

உடனடிப் பயனை எதிர்பாராத அடிப்படை ஆய்வுக்குப் பொதுப்பணம் ஏன் என்று கேட்போருக்கு, பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் நான் காட்டும் சான்று இவ்வாழ்க்கை. ஆனால், அறிவு ஆய்வேட்டோடு நின்றுவிட்டால் முதலீடு பலன் தராது. ஆல்போர்ட் நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிந்தால், விலை குறைந்த ரத்த அழுத்த மாத்திரை வகை ஒன்றே சிறுநீரகச் செயலிழப்பைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடும். அதற்கு முதற்படி எளிய சிறுநீர்ப் பரிசோதனை.

2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் எங்கள் ஆவடி போன்ற ஊர்களிலும் பணியாளர்கள் வீடு தேடி வருகின்றனர். குடும்பத்தில் இளவயதில் சிறுநீரகம் பழுதானவர், காது மந்தமானவர், திடீரென நாளம் வெடித்து இறந்தவர் உண்டா என்று அவர்கள் கேட்டுப் பதிவு செய்யட்டும். உண்டெனில், உடன்பிறந்தாரையும் தாயையும் பரிசோதனைக்கு அனுப்பட்டும். சென்னையில் பிறந்த அறிவு சென்னையின் வீடுகளைச் சென்றடைய இதுவே வழி.

கட்டுரையாளர்: பேராசிரியர் (ஓய்வு).