விரிசலின் விதி கண்ட கிரிஃபித்

கோவளம், முட்டுக்காடு முதலிய கடலோர ஊர்களில் வீடு கட்டியோர் நன்கறிந்த உண்மை ஒன்றுண்டு. கூரையில் மயிரிழை போலத் தோன்றும் விரிசலைப் பொருட்படுத்தாது விட்டால், சில ஆண்டுகளில் காரை பெயர்ந்து உள்ளிருக்கும் கம்பி வெளியே தெரியும். சுமை கூடவில்லை; ஆயினும் கட்டடம் வலுவிழந்தது. சிறு விரிசல் பெரும்பொருளை வீழ்த்துவது எங்ஙனம்? இவ்வினாவிற்குக் கணித வழியில் விடை கண்டவர் ஆங்கிலேயப் பொறியியல் அறிஞர் ஆலன் ஆர்னால்டு கிரிஃபித் ஆவார். அவர்தம் வாழ்வைச் சுருக்கமாகக் காண்போம்.

பிறப்பும் கல்வியும்

கிரிஃபித் 1893ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தையார் ஜார்ஜ் கிரிஃபித், வான்கலங்கள் போரிடும் கற்பனைப் புதினங்கள் எழுதிப் புகழ் பெற்றவர். மைந்தரோ லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பயின்று, 1915இல் பார்ன்பரோவிலிருந்த அரசு வானூர்தித் தொழிற்சாலையில் பணியேற்றார். தந்தை கற்பனையில் பறக்கவிட்டதை மைந்தர் கணக்கில் தாங்கிப் பிடித்தார் எனலாம்.

கண்ணாடி கற்பித்த பாடம்

அணுக்களின் பிணைப்பைக் கொண்டு கணக்கிட்டால் கண்ணாடி மிகுந்த இழுவிசையைத் தாங்க வேண்டும். நடைமுறையில் அதில் சிறுபகுதியைக்கூடத் தாங்குவதில்லை. கிரிஃபித் கண்ணாடியை உருக்கி மெல்லிய இழைகளாக இழுத்துச் சோதித்தார். இழை மெலிய மெலிய வலிமை பன்மடங்கு பெருகியது. தடித்த கண்ணாடியில் கண்ணுக்குப் புலனாகாத நுண்விரிசல்கள் மறைந்திருப்பதே அதன் வலுக்குறைவுக்குக் காரணம் எனத் தெளிந்தார்.

விரிசலின் முனையில் தகைவு குவியும் என்பதை 1913இல் இங்லிஸ் என்னும் அறிஞர் காட்டியிருந்தார். கிரிஃபித் மேலும் ஒரு படி சென்றார். இழுக்கப்பட்ட பொருளில் ஆற்றல் தேங்கி நிற்கிறது. விரிசல் நீளும்போது அதில் ஒரு பகுதி விடுபடுகிறது. புதிய பரப்புகளை உண்டாக்க ஆற்றல் செலவாகிறது. விடுபடும் வரவு செலவை விஞ்சினால் விரிசல் தானே ஓடத் தொடங்கும். ஆதலின் விரிசலின் நீளம் 4 மடங்கானால் பொருள் தாங்கும் தகைவு பாதியாகிவிடும். இக்கருத்தை அவர் 1921இல் இலண்டன் அரசவைக் கழக இதழில் வெளியிட்டார்.

கண்ணாடிக் கடைக்காரர் வைரமுனையால் ஒரு கீறலிட்டுப் பலகையை எளிதில் பிளக்கிறார். கோவளத்துக்குத் தெற்கே மாமல்லபுரத்துப் பாறைகளில், ஆப்பு அடித்துப் பிளக்கச் செதுக்கிய குழிகளின் வரிசையை இன்றும் காணலாம். கைவினைஞர் கையால் அறிந்ததைக் கிரிஃபித் கணக்கால் அறிந்தார்.

புறக்கணிப்பும் பேரிழப்பும்

உலோகம் முறியுமுன் நெளிந்து கொடுப்பதால் இவ்விதி அதற்கு நேரே பொருந்தவில்லை. பொறியாளர் பலர் நெடுங்காலம் இதனைப் பொருட்படுத்தவில்லை. கிரிஃபித்தும் பீற்றுப்பொறி ஆய்வில் ஈடுபட்டார். 1939இல் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். 1941இல் அரசவைக் கழக உறுப்பினரானார். விட்டில் என்னும் இளைஞர் 1929இல் கொணர்ந்த பீற்றுப்பொறித் திட்டத்தின் அருமையை இப்பேரறிஞர் உணரத் தவறினார் என்பதும் வரலாறு.

1954ஆம் ஆண்டு ஜனவரியிலும் ஏப்ரலிலும் காமெட் பயணியர் வானூர்திகள் இரண்டு இத்தாலியக் கடற்பகுதியில் நடுவானில் சிதறின. 56 பேர் மாண்டனர். கிரிஃபித் முன்பு பணியாற்றிய அதே பார்ன்பரோவில், காமெட் ஒன்றின் உடற்பகுதியை நீர்த்தொட்டியில் வைத்து மீண்டும் மீண்டும் அழுத்திச் சோதித்தனர். திறப்பு ஒன்றின் மூலையில் பிறந்த விரிசல், ஒவ்வொரு பயணத்தின் அழுத்தத்தாலும் சிறிது சிறிதாக வளர்ந்து, இறுதியில் உடலையே கிழித்தது தெரியவந்தது. அமெரிக்க அறிஞர் இர்வின் முதலியோர் கிரிஃபித்தின் விதியை உலோகத்துக்கும் பொருந்துமாறு விரித்தனர். முறிவியல் தனித்துறையாக மலர்ந்தது. அம்மலர்ச்சியைக் கண்ட கிரிஃபித் 1963ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் மறைந்தார்.

நாம் கொள்ளத்தக்கது

கோவளத்துக் கடற்காற்றின் உப்பு, விரிசல் வழியே கற்காரைக்குள் விரைந்து புகுந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு இரும்பைவிட மிகுந்த இடங்கொள்வதால் உள்ளிருந்து நெருக்கி விரிசலைப் பெரிதாக்குகிறது. பெரிதான விரிசல் மேலும் உப்பை வரவேற்கிறது. கடற்கரைச் சூழலில் வெளிப்பட்டு நிற்கும் கற்காரைக்குக் கம்பியின் மேல் 45 மில்லிமீட்டர் மூடுகனம் வேண்டும் என 2000ஆம் ஆண்டின் இந்தியத் தரநிலை வகுத்தது இதனாலேயே. அக்கனத்தில் குறைப்பதும், விரிசலைச் சுண்ணாம்பு பூசி மறைப்பதும் சிக்கனமாகா.

பொருளின் வலிமையை அதன் பருமன் மட்டும் முடிவு செய்வதில்லை. அதிலுள்ள விரிசலும் முடிவு செய்கிறது. விரிசலைச் சிறிதாயிருக்கும்போதே கண்டு, காரணத்தை ஆய்ந்து, சீர்செய்யும் விழிப்பை நம் மாணவச் செல்வங்கள் பெறுவார்களாயின், அதுவே அவ்வறிஞருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.