ஐஸ்கட்டிகளுக்கு நடுவே ஒரு மூளை டாக்டர்!

குழந்தைக்கு உடம்பு லேசாகச் சுட்டாலே நமக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. பயப்படாதீங்க, சாதாரணக் காய்ச்சல் மூளையைக் கெடுத்துவிடாது. ஆனால், தலையில் பலமாக அடிபட்ட குழந்தைக்கும், இதயம் நின்று மீண்ட குழந்தைக்கும் ஒரு டிகிரி சூடுகூடப் பெரிய விஷயம். சில ஐ.சி.யூ-க்களில் அப்படிப்பட்ட குழந்தைக்கு அடியில், குழாய்களில் தண்ணீர் ஓடும் குளிர்ப் படுக்கையை விரித்திருப்பார்கள். அந்தக் கதை ஓர் அமெரிக்க மூளை அறுவை சிகிச்சை நிபுணரிடம் போய் நிற்கிறது. அவர், டெம்பிள் ஃபே.

1895-ல் சியாட்டிலில் பிறந்தவர். பேராசிரியராக இருந்தது பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில். பெயர்ப் பொருத்தம் வெறும் தற்செயல்தான்! மாணவராக இருந்தபோது அவரை ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. புற்றுநோய் ஏன் கை, கால்களுக்கு அதிகம் பரவுவதில்லை? கை, கால்கள் உடம்பைவிடக் குளிர்ச்சியாக இருப்பதுதான் காரணமோ என்று யோசித்தார்.

உடல் வெப்பம் சுமார் 34 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் மனிதர் பிழைக்கமாட்டார் என்று நம்பிய காலம் அது. 1938 நவம்பரில், புற்றுநோய் வலியில் துடித்த ஒரு பெண்ணை ஐஸ்கட்டிகளால் குளிர்வித்தார் ஃபே. அந்தப் பெண் பிழைத்தார், வலியும் குறைந்தது. ஆனால், நடுங்கும் குளிரில் வேலை பார்த்த நர்ஸுகள் கொதித்துப்போனார்கள். அதன் பிறகுதான் குளிர்ந்த திரவம் ஓடும் போர்வையை ஃபே வடிவமைத்தார். தலையில் அடிபட்டவர்களுக்கும் இதே சிகிச்சையைக் கொடுத்துப் பார்த்தார்.

புற்றுநோய் இதில் குணமாகவில்லை. மூளை விஷயத்தில் அவர் போன திசை சரி. வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் குறைந்தால், மூளையின் ஆக்சிஜன் தேவை ஏறக்குறைய 6 சதவிகிதம் குறையும்.

அடுத்து நடந்ததுதான் கொடுமை. பெல்ஜியத்துக்கு அவர் அனுப்பிய கட்டுரை நாஜிகள் கையில் சிக்கியது. டாக்காவ் முகாமில் கைதிகளை ஐஸ் தண்ணீரில் போட்டு நாஜி டாக்டர்கள் சோதித்தது வெளியே வந்ததும், குளிர் சிகிச்சை என்றாலே உலகம் முகம் சுளித்தது. ஃபே செய்யாத பாவம் அவருடைய ஆய்வின் மேல் விழுந்தது. பிற்காலத்தில் மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கான சிகிச்சையில் இறங்கிய அவர், 1963-ல் இறந்தார்.

2005-ல் வெளியான ஆய்வுகளுக்குப் பிறகு, பிரசவத்தில் மூச்சுத்திணறிய குழந்தைகளை 72 மணி நேரம் 33.5 டிகிரியில் வைக்கும் முறை பணக்கார நாடுகளில் வழக்கமானது. ஆனால் 2021-ல் இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் நடந்த ஆய்வின் முடிவு வந்தபோது, குளிர்வித்த குழந்தைகளில்தான் இறப்பு அதிகம்! இதயம் நின்று மீண்ட பெரிய குழந்தைகளிலும், 33 டிகிரிக்கும் 36.8 டிகிரிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றது 2015 ஆய்வு. அதனால் இப்போ பல ஐ.சி.யூ-க்களில் குளிர்ப் படுக்கையின் முக்கிய வேலை, காய்ச்சல் ஏறவிடாமல் பார்த்துக்கொள்வது.