படகைப் பிடித்து நின்ற மகள்: கிரேஸ் டார்லிங்



வீரச் செயல் என்றதும் போர்க்களத்தில் நின்றவர்களும் பெரும் பதவியில் இருந்தவர்களுமே பெரும்பாலும் நம் நினைவுக்கு வருகிறார்கள். இன்று நாம் நினைவுகூர இருப்பவரோ ஒரு கலங்கரை விளக்கக் காவலரின் மகள். அரசாண்டவர் அல்லர், நூல் எழுதியவர் அல்லர். 26 வயதில் காசநோயால் இறந்துபோனார். அவரது வாழ்வில் உலகம் அறிந்த பகுதி, ஒரு காலைப் பொழுதின் ஏறத்தாழ இரண்டு மணி நேரம்தான். ஆனாலும் 180 ஆண்டுகளுக்கு மேலாகியும் கிரேஸ் டார்லிங் என்ற அவரது பெயரை இங்கிலாந்து மக்கள் மறக்கவில்லை.

இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரையில், நார்தம்பர்லாந்து பகுதியில் பாம்பரோ என்ற ஊர் உள்ளது. அதற்கு எதிரே கடலுக்குள் சிதறிக் கிடக்கின்றன பார்ன் தீவுகள். அவற்றுள் பல, தீவு என்பதைவிடப் பாறை என்று சொல்லத்தக்கவை. கடல் ஏறும்போது சில மறைந்துவிடும், வடியும்போது தலைகாட்டும். நம் திருஅவை வரலாற்றிலும் இந்தக் கரைக்கு இடமுண்டு. அப்பகுதி மக்களுக்கு நற்செய்தி அறிவித்த புனித எய்டன் 651ஆம் ஆண்டு பாம்பரோவில் இறந்தார். புனித கத்பெர்ட் பார்ன் தீவுகளுள் ஒன்றில் தனிமையில் தவ வாழ்வு வாழ்ந்து, 687ஆம் ஆண்டு அங்கேயே இறந்தார். கிரேஸ் கத்தோலிக்கர் அல்லர். ஆனால், அந்தப் புனிதர்கள் பார்த்த அதே கடலைப் பார்த்து வளர்ந்தவர்.

1815ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் தேதி பாம்பரோவில் பிறந்தார் கிரேஸ். வில்லியம் டார்லிங், தாமசின் தம்பதியரின் ஒன்பது பிள்ளைகளில் இவர் ஏழாவது. தந்தைக்குக் கலங்கரை விளக்கத்தில் வேலை. எனவே, கிரேஸ் கைக்குழந்தையாக இருக்கும்போதே தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். 1826ஆம் ஆண்டு லாங்ஸ்டோன் என்ற பாறையில் புதிய கலங்கரை விளக்கம் எழுந்தது. குடும்பமும் அங்கே குடிபெயர்ந்தது. புல் பூண்டு முளைக்காத வெறும் பாறை அது. சுற்றிலும் கடல். அண்டை வீடு என்று ஒன்றும் இல்லை.

அங்கே வாழ்வு எப்படி இருந்திருக்கும் என்று சற்று எண்ணிப் பார்ப்போம். மாலையில் விளக்கேற்ற வேண்டும். இரவு முழுவதும் முறைவைத்துக் கண்விழித்து அது அணையாமல் பார்க்க வேண்டும். காலையில் கரி துடைத்து, எண்ணெய் ஊற்றி, அடுத்த இரவுக்கு ஆயத்தம் செய்ய வேண்டும். விளக்கு அணைந்தால் எங்கோ ஒரு கப்பல் பாறையில் மோதும். எரிந்துகொண்டே இருந்தால் யாரும் நன்றி சொல்லப் போவதில்லை. மூத்த பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கரைக்குப் போய்விட்டார்கள். கிரேஸ் பெற்றோருடன் தங்கினார். தந்தையிடமே எழுதப் படிக்கக் கற்றார். வீட்டு வேலை, விளக்கு வேலை, படகு வேலை என மூன்றும் அவருக்குப் பழக்கமாயின. உலகம் அவரை அறியும் முன்பே, 22 ஆண்டுகள் இப்படித்தான் கழிந்தன.

1838ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், பார்பார்ஷையர் என்ற சக்கர நீராவிக் கப்பல் இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்திலிருந்து ஸ்காட்லாந்தின் டண்டீ நகருக்குப் புறப்பட்டது. கப்பலில் ஏறத்தாழ 60 பேர் இருந்தார்கள். வழியில் கொதிகலன் ஒழுகத் தொடங்கியது. கடைசியில் எந்திரம் நின்றுபோனது. வடக்கிலிருந்து கடும் புயல். இயங்க முடியாத கப்பலைத் தெற்கே திருப்பிக் காப்பிடம் தேட முயன்றார்கள். செப்டம்பர் 7ஆம் தேதி அதிகாலை நான்கு மணியளவில், லாங்ஸ்டோன் அருகே பிக் ஹார்கார் என்ற பாறையில் கப்பல் மோதியது. கால் மணி நேரத்தில் இரண்டாக உடைந்தது. பின்பகுதியை, அதில் இருந்தவர்களோடு, கடல் அடித்துச் சென்றது. ஒன்பது பேர் கப்பலின் சிறு படகில் தப்பினார்கள். அவர்களை வேறொரு கப்பல் ஏற்றிக்கொண்டது. மற்றும் சிலர் முன்பகுதியிலிருந்து பாறைமேல் தொற்றி ஏறினார்கள்.

காலை ஐந்து மணிக்குச் சற்று முன்பாக, தம் அறைச் சன்னல் வழியே கப்பலின் உடைந்த உருவத்தைக் கண்டார் கிரேஸ். தந்தையை எழுப்பினார். இருவரும் தொலைநோக்கியால் பார்த்தார்கள். இருட்டில் உயிரோடு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. அத்துடன் அவர்கள் படுக்கைக்குத் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. ஏழு மணியளவில் வெளிச்சம் வந்தபோது, பாறைமேல் மனிதர்கள் அசைவது தெரிந்தது.

இப்போது என்ன செய்வது? வில்லியம் முன்பும் தம் மகன்களோடு போய்க் கடலில் தவித்தவர்களைக் காப்பாற்றியவர்தான். ஆனால், அன்று வீட்டில் இருக்க வேண்டிய மகன் மீன்பிடி வேலையாகக் கரைக்குப் போயிருந்தான். வீட்டில் இருந்தவர்கள் வயதான தாயும் மகளும் மட்டுமே. படகோ 21 அடி நீளம். வழக்கமாக மூன்று ஆண்களாவது துடுப்பு வலிக்க வேண்டிய கனமான மரப்படகு.

இந்த இடத்தில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பின்னர் மேலதிகாரிகளுக்கு எழுதிய கடிதத்தில் வில்லியம் ஒரு செய்தியைத் தெரிவித்தார். தாங்கள் இருவரும் அந்தப் பாறையை அடைந்துவிடலாம், ஆனால் திரும்பி வர இயலாது என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. பாறையில் உள்ளவர்களுள் சிலராவது துடுப்புப் பிடித்து உதவினால்தான் திரும்ப முடியும். அவர்கள் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? குளிரில் விறைத்துக் கை அசைக்க முடியாதவர்களாக இருந்தால்? காப்பாற்றப் போகிறவர்களையே நம்பிப் புறப்பட்டார்கள் தந்தையும் மகளும். தாய் படகைத் தள்ளிவிட உதவினார்.

நேர்வழியில் சென்றால் அலை படகைக் கவிழ்த்துவிடும். எனவே, பாறைகளின் மறைவில் சுற்றிக்கொண்டு ஏறத்தாழ ஒரு மைல் தூரம் துடுப்பு வலித்தார்கள். பாறையருகே வந்ததும் வில்லியம் அதன்மேல் குதித்து ஏறினார். அந்த நேரம் முழுவதும் படகில் இருந்தவர் கிரேஸ் ஒருவரே. நெருங்கினால் பாறையில் மோதிப் படகு நொறுங்கும். விலகினால் நீரோட்டம் இழுத்துச் சென்றுவிடும். நெருங்காமலும் விலகாமலும், இரண்டு துடுப்புகளையும் மாறி மாறி வலித்துப் படகை நிறுத்திப் பிடித்தார் அந்த 22 வயதுப் பெண். கடலோரப் பங்குகளில் வாழும் நம் மக்களுக்கு இது எவ்வளவு கடினம் என்று நாம் விளக்கத் தேவையில்லை. ஓவியர்கள் பலர் பின்னர் வரைந்தது கிரேஸ் துடுப்பு வலித்துச் செல்லும் காட்சியை. ஆனால், அன்றைய செயலின் உயிர்நாடி அவர் படகைப் பிடித்து நின்ற அந்தச் சில நிமிடங்கள்தான் என்று நமக்குத் தோன்றுகிறது.

பாறையில் உயிரோடு இருந்தவர்கள் எட்டு ஆண்கள், ஒரு பெண். டாசன் என்ற அந்த அம்மாவின் கைகளில் அவருடைய இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். குளிரிலும் அலையிலும் இருவரும் ஏற்கெனவே இறந்திருந்தார்கள். தாய் அவர்களை விடவில்லை. எல்லாரையும் ஒரே நடையில் ஏற்ற முடியாது. முதலில் அந்தத் தாயையும் நான்கு ஆண்களையும் ஏற்றினார்கள். இறந்த பிள்ளைகளைப் பாறையிலேயே விட்டுவர வேண்டியதாயிற்று. திரும்பும்போது மீட்கப்பட்டவர்கள் துடுப்புப் பிடித்தார்கள். நம்பிக்கை வீண்போகவில்லை. லாங்ஸ்டோன் வந்ததும், மீட்கப்பட்ட இருவர் வில்லியமோடு மீண்டும் அந்தப் பாறைக்குப் போய் எஞ்சிய நால்வரையும் கொண்டுவந்தார்கள். சற்று முன்புதான் சாவின் வாயிலிருந்து தப்பிய அந்த இருவரும் அதே கடலில் மறுபடி இறங்கியதை எண்ணிப் பாருங்கள்! கிரேஸ் வீட்டில் இருந்து, தாயோடு சேர்ந்து, வந்தவர்களுக்குச் சூடும் உணவும் உடையும் கொடுத்தார். ஒன்பது மணியளவில் ஒன்பது பேரும் கலங்கரை விளக்கத்தில் இருந்தார்கள்.

இன்னொரு படகும் அன்று புறப்பட்டது. கரையிலிருந்து ஏழு பேர், கிரேஸின் சகோதரர் உட்பட, அதே புயலில் அதே பாறையை நோக்கி வெகுதூரம் துடுப்பு வலித்து வந்தார்கள். அவர்கள் வந்து சேர்ந்தபோது பாறையில் இறந்தவர்களின் உடல்கள் மட்டுமே இருந்தன. கரைக்குத் திரும்ப முடியாமல் அவர்களும் லாங்ஸ்டோனில் ஒதுங்கினார்கள். கிரேஸின் பெயர் நாடெங்கும் பரவியது. அந்த எழுவரின் பெயர்களை அறிந்தவர்கள் மிகச் சிலரே. காலத்தோடு வந்து சேர முடியாமல் போனவர்களின் துணிவு குறைந்ததா என்ன?

செய்தி பத்திரிகைகளில் வந்ததும் கிரேஸின் அமைதி கலைந்தது. விக்டோரியா அரசி 50 பவுண்டு அனுப்பினார். மக்கள் திரட்டிய தொகை 700 பவுண்டைத் தாண்டியது. தந்தைக்கும் மகளுக்கும் பதக்கங்கள் வந்தன. ஓவியர்கள் தீவுக்கே வந்து அவரை உட்காரவைத்து வரைந்தார்கள். நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ள அவருடைய முடிக்கற்றை வேண்டுமென்று முன்பின் அறியாதவர்கள் கடிதம் எழுதினார்கள். வேடிக்கை பார்க்கப் படகு படகாக மக்கள் வந்தார்கள். மேடைகளில் தோன்ற அழைப்புகளும் வந்தன. கிரேஸ் போகவில்லை. கடிதங்களுக்குப் பணிவோடு பதில் எழுதினார், விளக்குப் பணியில் பெற்றோருக்குத் துணையாக இருந்தார். புயலில் தளராத அவரை இந்தப் புகழ் களைப்படையச் செய்தது. நாம் ஒருவரைப் பாராட்டும்போது, அவர் இளைப்பாறவும் இடம் விடுகிறோமா என்று இங்கே கேட்டுக்கொள்வது நல்லது.

1842ஆம் ஆண்டு அவர் உடல்நலம் குன்றியது. காற்று மாறினால் குணமாகும் என்று ஊர் ஊராக அழைத்துச் சென்றார்கள். பயனில்லை. அக்டோபர் 20ஆம் தேதி பாம்பரோவில் இறந்தார். அங்கே புனித எய்டன் பெயர் தாங்கிய ஆலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். கடலில் செல்வோர் காணும்படி அங்கே ஒரு நினைவுச் சின்னமும் எழுப்பப்பட்டது. அந்தப் பழைய மரப்படகைப் பாம்பரோவில் உள்ள அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். லாங்ஸ்டோன் விளக்கு 1990 முதல் காவலர் இன்றித் தானாகவே எரிகிறது.

தம் நாட்குறிப்பில் அந்த விபத்தை வில்லியம் சில வரிகளில் முடித்துவிட்டார். கப்பல், கொதிகலன், புயல், இறந்தவர் எண்ணிக்கை எல்லாம் அதில் உண்டு. பாறையில் இருந்த ஒன்பது பேரை டார்லிங் குடும்பத்தார் மீட்டார்கள் என்பதோடு சரி. மகளின் பெயர் தனியாக இல்லை. அவர் மகளை மதிக்காதவர் அல்லர். விளக்கேற்றுவதைப் போல, ஆள் தவிக்கும்போது படகெடுப்பதும் அந்த வீட்டில் ஒரு வேலை. அவ்வளவுதான்.

நம் பங்குகளிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. நள்ளிரவில் அண்டை வீட்டு நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசேர்ப்பவர், கிணற்றில் விழுந்த குழந்தைக்காக யோசிக்காமல் குதிப்பவர், பிறர் துணிந்து முன்னே செல்லப் பின்னே நின்று கயிற்றைப் பிடிப்பவர். கேட்டால், நான் என்ன பெரிதாகச் செய்துவிட்டேன் என்பார்கள். அந்த நேரத்தில் அவர்களுக்குத் துணிவு திடீரென வந்துவிடவில்லை. தினமும் செய்த சிறு சிறு கடமைகள் அதை அவர்களுக்குள் சேர்த்து வைத்திருந்தன.

அன்பார்ந்தவர்களே, புயல் என்று வரும் என்று நமக்குத் தெரியாது. இன்றிரவு விளக்கை அணையாமல் காப்பது நம் கையில் உள்ளது. முன்னே குதிப்பவருக்காகப் படகைப் பிடித்து நிற்பதும் மீட்பின் ஒரு பகுதியே. யாருடைய படகை இன்று நாம் பிடித்து நிற்க வேண்டும்? சிந்திப்போம். அதற்கான உறுதியை இறைவனிடம் வேண்டுவோம்.