சர் ஜான் சார்ன்லி

மனித உடலின் சுமையைத் தாங்கி நடையை நல்கும் உறுப்புகளுள் தலைசிறந்தது இடுப்பு மூட்டு. தொடை எலும்பின் தலை பந்து போன்ற வடிவினது. இடுப்பெலும்பில் கிண்ணம் போன்றதொரு குழி உள்ளது. பந்து அக்கிண்ணத்தில் பொருந்திச் சுழல்கிறது. இரண்டிற்கும் இடையே வழுவழுப்பான குருத்தெலும்பு அமைந்து உராய்வைத் தடுக்கிறது. தாம்பரம் ரயில் நிலையத்தில் படியேறி மின்சார வண்டியைப் பிடிக்க விரைவோர் இம்மூட்டைப் பற்றி எண்ணுவதே இல்லை. குருத்தெலும்பு தேய்ந்து எலும்போடு எலும்பு உரசத் தொடங்கிய பின்னரே அதன் அருமை புலனாகும். அப்போது ஒவ்வொரு படியும் மலையாகும். இரவில் புரண்டு படுத்தலும் துன்பமாகும். இத்துன்பத்தைப் போக்கச் செயற்கை மூட்டு ஒன்றை அமைத்து, அது நெடுங்காலம் உழைக்கும் வழியையும் வகுத்தளித்த பெருமை ஆங்கில மருத்துவர் ஜான் சார்ன்லிக்கு உரியது.

பிறப்பும் கல்வியும்

சார்ன்லி இங்கிலாந்தில் பருத்தி ஆலைகள் நிறைந்த லங்காஷயர்ப் பகுதியில், பெரி என்னும் ஊரில் 1911ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29ஆம் நாள் பிறந்தார். அவர்தம் தந்தையார் மருந்துக்கடை நடத்தியவர். தாயார் செவிலியாகப் பணிபுரிந்தவர். மான்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற சார்ன்லி, 1935ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப்போர் மூண்டபோது படை மருத்துவராகச் சேர்ந்தார். எகிப்தில் பணியாற்றிய காலத்தில், முறிந்த கால்களைத் தாங்கும் கருவிகளைப் படைப் பட்டறையில் செய்வித்தார். மருத்துவருக்கு நூலறிவோடு பட்டறை அறிவும் வேண்டும் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

போர் முடிந்தபின், எலும்பு ஒட்டுதல் பற்றிய ஐயம் ஒன்றைத் தீர்க்க விரும்பித் தம் காலெலும்பிலேயே அறுவை செய்து பார்க்குமாறு நண்பர் ஒருவரை வேண்டிக்கொண்டார். அப்புண்ணில் நோய்க்கிருமி புகுந்து அவரைப் பெரிதும் வருத்தியது. மீண்டும் அறுவை செய்ய நேர்ந்தது. எனினும் அவர் ஆராய்ச்சியைக் கைவிட்டாரல்லர்.

ஒலியெழுப்பிய மூட்டு

செயற்கை மூட்டு அமைக்கும் முயற்சி சார்ன்லிக்கு முன்னரே தோன்றியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய மருத்துவர் குளுக், யானைத் தந்தத்தால் மூட்டு அமைத்துப் பார்த்தார். 1938இல் லண்டன் மருத்துவர் வைல்ஸ் எஃகினால் பந்தும் கிண்ணமும் செய்தார். பாரிஸ் நகரத்து ஜூடே சகோதரர்கள் 1946 முதல் அக்ரிலிக் என்னும் செயற்கைப் பொருளால் ஆன பந்தைப் பொருத்தினர். இவற்றுள் எதுவும் நெடுநாள் நிலைக்கவில்லை.

ஜூடே மூட்டுப் பொருத்தப்பட்ட ஒருவர் சார்ன்லியிடம் வந்தார். அவர் உடலை அசைக்கும்போது மூட்டிலிருந்து கிறீச்சென்று ஒலி எழுந்தது. வீட்டாராலேயே அதைப் பொறுக்க இயலவில்லை. பிறர் இதனைச் சிறு குறையெனத் தள்ளியிருப்பர். சார்ன்லியோ அவ்வொலியில் ஓர் உண்மையைக் கண்டார். ஒலி எழுவதற்குக் காரணம் உராய்வு. உராய்வு மிகுந்தால் பந்து கிண்ணத்தைப் பற்றித் திருகும். அத்திருகலால் எலும்பில் பதித்த பகுதி நாளடைவில் தளரும். ஆதலின் உராய்வைக் குறைப்பதே முதற்கடமை எனத் துணிந்தார்.

இதற்காக அவர் மூன்று வழிகளைக் கைக்கொண்டார். கிண்ணத்தை வழுக்கும் இயல்புள்ள பொருளால் செய்தார்; எஃகுப் பந்தின் குறுக்களவை 41 மில்லிமீட்டருக்கு மேலிருந்து படிப்படியாக ஏறத்தாழ 22 மில்லிமீட்டராகச் சுருக்கினார்; பற்கட்டுவோர் கையாண்ட அக்ரிலிக் பசையைக்கொண்டு உறுப்புகளை எலும்பில் உறுதியாகப் பதித்தார்.

தோல்வியும் துணிவும்

அவரது ஆய்வுக்கு இடந்தந்தது ரைட்டிங்டன் மருத்துவமனை. அது காசநோயாளருக்காக ஏற்பட்டது. 1928இல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் நிறுவிய மருத்துவமனையை ஒத்தது. காசநோய்க்கு நல்ல மருந்துகள் வந்தபின் ரைட்டிங்டனில் படுக்கைகள் காலியாயின. அங்கே சார்ன்லி இடுப்பு மூட்டு அறுவை மையத்தையும், அதனோடு ஒரு பட்டறையையும் அமைத்தார்.

முதலில் அவர் கிண்ணத்திற்குத் தேர்ந்த பொருள் டெஃப்லான். ஏறத்தாழ 300 நோயாளிகளுக்கு அதனைப் பொருத்தினார். வலி நீங்கி அவர்கள் நடந்தனர், அனைவரும் போற்றினர். ஆனால் ஓரிரு ஆண்டுகளில் கிண்ணங்கள் விரைந்து தேய்ந்தன. உதிர்ந்த துகள்கள் சுற்றியுள்ள தசையையும் எலும்பையும் கெடுத்தன. நேற்று மகிழ்ந்து சென்றவர் இன்று வலியோடு திரும்பி வந்தனர். சார்ன்லி தம் தோல்வியை மறைக்கவில்லை; தாம் பொருத்திய மூட்டுகளைத் தாமே ஒவ்வொன்றாக எடுத்தார். அத்துகள்கள் உடலில் விளைக்கும் தீங்கை அறியும்பொருட்டுத் தம் தொடையிலேயே அவற்றைச் செலுத்திக்கொண்டு ஆராய்ந்தார்.

1962ஆம் ஆண்டில் நெசவாலைப் பற்சக்கரங்களுக்குரிய ஒருவகைப் பாலிஎத்திலீன் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. சார்ன்லி அதனைப் பொருட்படுத்தவில்லை. பட்டறைத் தொழில்நுணுக்கர் ஹாரி கிரேவன், அவர் வெளிநாடு சென்றிருந்த வேளையில், அதனைத் தேய்மானப் பொறியில் இட்டு இரவும் பகலும் ஓட்டினார். மூன்று வாரங்களில் அப்பொருள் தேய்ந்த அளவு, டெஃப்லான் ஒரே நாளில் தேய்ந்ததைவிடக் குறைவாக இருந்தது. திரும்பிவந்த சார்ன்லி தம் கருத்தை மாற்றிக்கொண்டார். அவ்வாண்டு நவம்பரில் புதிய கிண்ணத்தை முதன்முதலாகப் பொருத்தினார்.

இடமறிந்து பொருத்துதல்

நல்ல பொருள் கிடைத்தது. ஆயினும் அதுமட்டும் போதவில்லை. மாட்டுவண்டியின் அச்சு சிறிது சாய்ந்திருந்தால் வண்டி அன்றே கவிழ்வதில்லை. சக்கரத்தின் குடம் ஒருபுறமாகத் தேய்ந்து, நெடுந்தொலைவு சென்றபின்பே வண்டி நிற்கும். செயற்கை மூட்டின் நிலையும் அத்தகையதே.

ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு மூட்டு துலாக்கோலின் நடுமுள் போல இயங்குகிறது. ஒருபுறம் உடலின் எடை கீழே இழுக்கிறது. மறுபுறம் இடுப்புத் தசைகள் இழுத்து நிறுத்துகின்றன. தசையின் கோல் குட்டையானது; எனவே தசை மிகுதியாக இழுக்க நேர்ந்து, மூட்டின்மீது உடலெடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு சுமை விழுகிறது. சார்ன்லி கிண்ணத்தைச் சிறிது உட்புறம் நகர்த்தி எடையின் கோலைச் சுருக்கினார். தசை பற்றியுள்ள எலும்புப் புடைப்பை வெளிப்புறம் நகர்த்தித் தசையின் கோலை நீட்டினார். அதனால் மூட்டின் சுமை குறைந்தது.

உறுப்புகளின் சாய்வும் அத்துணை முதன்மையானது. கிண்ணம் மிகச் செங்குத்தாக நின்றால் சுமை முழுதும் அதன் விளிம்பில் விழும். விளிம்பு விரைந்து தேயும். பந்து நழுவி வெளியேறவும் கூடும். மிகப் படுக்கையாக அமைந்தால் தொடையை உயர்த்தும்போது தண்டின் கழுத்து விளிம்பில் இடிக்கும். தொடை எலும்பினுள் செலுத்தும் தண்டு உட்புறம் சாய்ந்தால், பசை வெடித்துத் தண்டு தளரும். சில நேரம் முறிவதும் உண்டு. தம் நோயாளிகள் சிலரிடம் தண்டு முறிந்ததையும் சார்ன்லி ஆராய்ந்து வெளியிட்டார்.

பின்வந்தோர் இச்சாய்வுகளை அளந்தனர். 1978இல் அமெரிக்க மருத்துவர் லெவினெக்கும் அவர்தம் குழுவினரும் 300 மூட்டுகளை ஆராய்ந்தனர். கிண்ணத்தின் சாய்வு 30 முதல் 50 பாகை வரையும், முன்னோக்கிய திருப்பம் 5 முதல் 25 பாகை வரையும் அமைந்த மூட்டுகளுள் 100க்கு 1.5 அளவே நழுவின. அவ்வெல்லையைக் கடந்தவற்றுள் 100க்கு 6 நழுவின. ஆயினும் அவ்வெல்லையும் முடிந்த முடிவன்று. நழுவிய மூட்டுகளுள் பாதிக்கு மேற்பட்டவை அவ்வெல்லைக்குள்ளேயே இருந்தன என்று 2016இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு காட்டிற்று. ஒருவர் உட்காரும்போதும் எழும்போதும் இடுப்பெலும்பு சாயும் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆகவே ஒவ்வொருவருக்கும் ஏற்ற சாய்வை அறிதலே இன்றைய மருத்துவரின் முயற்சியாகும்.

காலமே நடுவர்

டெஃப்லான் கற்பித்த பாடத்தைச் சார்ன்லி மறந்தாரல்லர். நோயாளி மகிழ்ச்சியோடு வீடு திரும்பும் நாள் வெற்றிநாள் அன்று. பத்தாண்டு, இருபதாண்டு கழித்து அவர் நடக்கும் நடையே வெற்றிக்குச் சான்று என்று கொண்டார். புதிய மூட்டை அவர் உடனே ஊரெங்கும் பரப்பவில்லை. ரைட்டிங்டனுக்கு வந்து, பொருத்தும் முறையை நேரிற் கண்டு பயின்றவர்க்கே அதனை வழங்கச் செய்தார். நோயாளிகளை ஆண்டுதோறும் அழைத்து ஊடுகதிர்ப் படம் எடுத்துத் தேய்மானத்தை அளந்தார். இறந்தபின் மூட்டை ஆய்வுக்குத் தருமாறும் அவர்களை வேண்டினார். பலர் மனமுவந்து இசைந்தனர்.

அறுவைப் புண்ணில் கிருமி புகுவதைத் தடுக்கத் தூய காற்றுப் பாயும் தனி அறை ஒன்றையும் அவர் அமைத்தார். அதனாலும் பிற ஏற்பாடுகளாலும், 100க்கு 7 என்றிருந்த தொற்று 1க்கும் கீழே குறைந்தது.

அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் சார்ன்லி முறைப்படி பொருத்தப்பட்ட 2000 மூட்டுகளின் வரலாறு 2002இல் வெளியாயிற்று. 25 ஆண்டுகள் கழிந்தும் 100க்கு ஏறத்தாழ 80 மூட்டுகள் மாற்றப்படாமல் நிலைத்திருக்கும் என்று அது கணித்தது. இன்று குரோம்பேட்டை, பெருங்குடி முதலிய சென்னையின் தென்புறப் பகுதிகளிலும் மூட்டு மாற்று அறுவை நடைபெறுகிறது. பசையும் பொருள்களும் பலவாறு மாறினும், சிறிதும் பிறழாமல் பொருத்துதல், பொருத்தியபின் தொடர்ந்து கண்காணித்தல் என்னும் இரு நெறிகளும் மாறவில்லை.

புகழும் மறைவும்

1974இல் லாஸ்கர் பரிசும், 1975இல் அரச அறிவியற் கழக உறுப்பினர் பதவியும், 1977இல் சர் என்னும் பட்டமும் சார்ன்லியை நாடி வந்தன. 1982ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 5ஆம் நாள் அவர் மறைந்தார்.

தம் பிழையைத் தாமே தேடிக் காணும் நேர்மையும், எளிய தொழிலாளியின் சோதனைக்கும் தலைவணங்கும் பண்பும், விளைவை அறியப் பல்லாண்டு காத்திருக்கும் பொறுமையும் அவரை உயர்த்தின. கண்ணுக்குப் புலனாகாத சிறு கோணலும் காலப்போக்கில் பெருங்கேடாய் முடியும் என்பதை உணர்ந்து, எப்பணியையும் தொடக்கத்திலேயே செம்மையாகச் செய்தல் வேண்டும் என்பதே அன்னாரின் வாழ்வு புகட்டும் அறிவுரையாகும்.