காலத்தைக் கணக்கிட்ட மாணாக்கர்
(சர் எம். விசுவேசுவரய்யாவின் வாழ்க்கை வரலாறு)

கல்லூரியிற் புகும் இளைஞர் அனைவர்க்கும் வெற்றி பெறவேண்டுமென்னும் விழைவு உண்டு. ஆயினும் விழைவு வேறு, திட்டம் வேறு. எஞ்சினீயரிங் கல்வி பயிலும் மாணாக்கர் ஒரு பாலத்தை எழுப்புமுன் அது தாங்கும் பாரம் இவ்வளவு, வேண்டும் கல் இவ்வளவு, செல்லும் நாள் இவ்வளவு என்று கணக்கிடக் கற்கின்றனர். ஆனால் தம் வாழ்நாளையும் அவ்வாறே அளந்து வகுத்துக்கொள்வோர் அவருள் மிகச் சிலரே. அச்சிலருள் தலையாயவர் மைசூர் நாட்டுத் திவானாக விளங்கிய சர் மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா ஆவர். அவர் பிறந்த செப்டம்பர்த் திங்கள் 15ஆம் நாளையே நம் நாட்டார் எஞ்சினீயர் திருநாளாகக் கொண்டாடுகின்றனர். அவர் கட்டிய அணைகளைப் பலரும் அறிவர். அவற்றைக் கட்டுமுன் அவர் தம்மைக் கட்டிய வகையை அறிந்தோர் சிலர். ஆகலின், அவர்தம் மாணவப் பருவத்தைச் சிறிது விரித்தும், பிற்காலத்தைச் சுருக்கியும் ஈண்டு எழுதப் புகுந்தோம்.

விசுவேசுவரய்யா மைசூர் நாட்டுச் சிக்கபள்ளாப்பூரை அடுத்த முத்தேனஹள்ளி என்னும் சிற்றூரில் 1860ஆம் ஆண்டிற் பிறந்தார். 1861 என்பாரும் உளர். தந்தையார் சீனிவாச சாஸ்திரியார் வடமொழிப் புலவர், தாயார் வேங்கடலட்சுமம்மாள். முன்னோர் தெலுங்கு நாட்டு மோட்சகுண்டத்தினின்று வந்து குடியேறியவராதலின் அவ்வூர்ப் பெயர் குடும்பப் பெயராய் நின்றது. புலமை நிறைந்த அவ்வில்லத்திற் பொருள் நிறைந்திருக்கவில்லை. சிறுவர் சிக்கபள்ளாப்பூர்ப் பள்ளியிற் பயின்றுகொண்டிருந்த இளம் பருவத்திலேயே தந்தையார் காலமானார். குடும்பத்தின் சுமை தாயார் தோள்மேல் வீழ்ந்தது. மகனது கல்வியை நிறுத்திவிடுவதற்கு அஃதொன்றே போதிய காரணமாகும். அவ்வம்மையார் நிறுத்தவில்லை.

மேற்கல்வியின் பொருட்டு விசுவேசுவரய்யா பெங்களூரிலிருந்த தம் தாய்மாமன் இராமையாவை நாடிச் சென்றார். மாமனும் செல்வர் அல்லர். ஆகவே, சென்டிரல் கல்லூரியிற் சேர்ந்த அம்மாணாக்கர், குடகு நாட்டுக் குடும்பமொன்றின் பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லிக் கொடுத்துத் தம் கல்விச் செலவைத் தாமே தேடிக்கொண்டார். மாமன் வீட்டிற்கும், கற்பிக்கும் வீட்டிற்கும், கல்லூரிக்குமாக நாள்தோறும் நடந்தே சென்றார். ஈண்டு நாம் சிறிது நின்று எண்ணுதல் வேண்டும். தாம் கற்றல், பிறர்க்குக் கற்பித்தல், நெடுவழி நடத்தல் ஆகிய மூன்றும் ஒரு நாளினுள் அடங்கவேண்டுமாயின், அந்நாளில் வீணே கழியும் நாழிகை ஒன்றேனும் இருத்தல் கூடுமோ? காலத்தை வகுத்துக் கையாளும் திறம் அவர்க்கு நூலினின்று வந்ததன்று. வறுமை கற்பித்த முதற் பாடம் அதுவேயாம். பின்னாளில் அவர் கடிகாரத்தின் முள்ளைப்போல நடந்தார் என்று உலகம் வியந்தது. அந்நடை பயின்ற இடம் பெங்களூர்த் தெருக்களே.

கற்பிக்கும் தொழிலில் மற்றுமொரு பயனும் இருந்தது. பிறர்க்கு விளங்கவுரைப்போன் தான் ஐயமறக் கற்றிருத்தல் வேண்டும். கணிதத்தில் அவர் பெற்ற தெளிவு கல்லூரித் தலைவர் சார்லஸ் வாட்டர்ஸ் துரையின் கண்ணிற் பட்டது. அவர் இம்மாணாக்கர்பால் தனியன்பு பூண்டு, கல்லூரியை விட்டுச் செல்லுங்கால் வெப்ஸ்டர் அகராதி ஒன்றைப் பரிசாக ஈந்தார். 1881ஆம் ஆண்டில் விசுவேசுவரய்யா பி. ஏ. தேர்வில் வெற்றி பெற்றார். மைசூர் நாட்டிற்கெனத் தனிப் பல்கலைக் கழகம் இல்லாத காலம் அது. பெங்களூர்க் கல்லூரி சென்னைப் பல்கலைக் கழகத்தைச் சார்ந்திருந்தது. ஆதலின் அவர் பெற்றது சென்னைப் பட்டமேயாம்.

பட்டம் பெற்றதும் ஓர் உத்தியோகத்தை ஏற்று இளைப்பாறியிருக்கலாம். அக்காலத்துப் பி. ஏ. பட்டத்திற்கு அத்தகைய மதிப்பு இருந்தது. வீட்டு நிலையும் அதனையே வேண்டி நின்றது. அவரோ எஞ்சினீயராதல் வேண்டுமென உறுதிகொண்டார். ஆனால் அக்கல்வி பூனா நகரத்து விஞ்ஞானக் கல்லூரியில் இருந்தது. அதற்குரிய பொருளோ அவர் கையில் இல்லை. அந்நாளில் மைசூர்த் திவானாயிருந்த ரங்காசார்லுவின் அரசாங்கம் அவர்க்கு உபகாரச் சம்பளம் அளித்துப் பூனாவுக்கு அனுப்பியது. பிறர் பொருளால் கற்கின்றோம் என்னும் நினைவே அவர்க்கு ஒரு காவலாயிற்று. தமக்கு உரிமையல்லாத பொருளை வீணாக்குதல் எவ்வாறு தகாதோ, அவ்வாறே அப்பொருளால் வாங்கப்பெற்ற காலத்தை வீணாக்குதலும் தகாது என்பதே அவர் நடையிற் கண்ட உண்மை. 1883ஆம் ஆண்டில் எல். சி. இ., எப். சி. இ. என்னும் தேர்வுகளில் முதன்மை பெற்று, ஜேம்ஸ் பெர்க்லி பரிசிலையும் அடைந்தார். அதன் பயனாகப் பம்பாய் அரசாங்கத்தார் 1884ஆம் ஆண்டில் அவரை மராமத்து இலாகாவில் உதவி எஞ்சினீயராக ஏற்றுக்கொண்டனர்.

இனி, அவர் கற்றது ஏட்டுச் சுரைக்காய் ஆகாமற் கறிக்குதவிய வகையைக் காண்போம்.

சிந்து நாட்டுச் சக்கர் நகரத்தார்க்குப் பேராறு பக்கத்தே ஓடியும் குடிக்கத் தெளிந்த நீர் இல்லை. ஆற்றுநீர் சேறு கலந்தது. அதனை வடிகட்டும் தொட்டிகள் கட்ட நகரசபையிடம் பணமில்லை. 1890ஆம் ஆண்டுகளின் இடையில் அங்கு அனுப்பப்பெற்ற விசுவேசுவரய்யா, ஆற்றுப்படுகையிலேயே கிணறு தோண்டி, மணலினூடே ஊறிவந்த தெளிநீரை இயந்திரத்தாற் குன்றின்மேல் ஏற்றி நகருக்குப் பாயச் செய்தார். பணத்தால் ஆகவேண்டிய வேலையை ஆற்று மணலே செய்தது. உள்ளதைக் கொண்டு வேண்டியதை முடித்தல் என்பது பெங்களூரில் பிள்ளைகட்குப் பாடஞ்சொல்லிக் கற்றுக்கொண்ட வித்தையின் வளர்ச்சியே அன்றோ?

தக்கணத்துக் கால்வாய்ப் பாசனத்தில் தலைமடையிலுள்ளார் நீரை மிகுதியாகப் பாய்ச்சிக்கொள்ள, கடைமடையிலுள்ளார் வாடிநின்றனர். நிலங்களை வட்டம் வட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு வட்டத்திலும் பயிர்களை மாற்றி மாற்றி இட்டு, நீரை முறைவைத்து விடும் ஏற்பாட்டை அவர் வகுத்தார். தம் நாளை வகுத்தவர் ஆற்றின் நீரையும் வகுத்தார் என்னலாம். பூனாவுக்கு அருகிலுள்ள கடக்வாசலா ஏரியில் 1903ஆம் ஆண்டில் அவர் அமைத்த தானியங்கிக் கதவுகள் இன்னும் வியப்புடையவை. நீர் குறித்த அளவுக்கு மேற்படின் அக்கதவுகள் தாமே திறக்கும். வெள்ளம் வடிந்து அளவு குறையின் தாமே மூடிக்கொள்ளும். அணையின் சுவரை உயர்த்தாமலே முன்னினும் மிகுதியான நீரைத் தேக்குதற்கு அவை வழிசெய்தன.

1908ஆம் ஆண்டில் அவர் பம்பாய் உத்தியோகத்தினின்று தாமே விலகினார். அவ்வாண்டு செப்டம்பரில் மூசி ஆறு பெருகி ஐதராபாத் நகரைப் பாழாக்கிற்று. நிஜாம் அரசாங்கத்தார் அழைக்கச் சென்று, ஆற்றின் மேற்பகுதியில் நீர்த்தேக்கங்கள் கட்டி வெள்ளத்தைத் தடுக்கும் திட்டம் வகுத்தளித்தார். உஸ்மான் சாகரும் ஹிமாயத் சாகரும் அவ்வழி எழுந்தனவே.

1909ஆம் ஆண்டில் தம்மைப் படிக்கவைத்த மைசூர் நாட்டிற்கே தலைமை எஞ்சினீயராக மீண்டார். சிவசமுத்திரத்தில் காவிரியால் உண்டாக்கப்பட்ட மின்சாரம் 1902ஆம் ஆண்டு முதற் கோலார்த் தங்கச் சுரங்கத்திற்குச் சென்றுகொண்டிருந்தது. கோடையில் ஆறு வற்ற மின்சாரமும் குன்றியது. மண்டியா நாட்டு வயல்களும் வானம் பார்த்துக் கிடந்தன. இரண்டற்கும் மருந்தாகக் கண்ணம்பாடியில் அணை கட்ட எண்ணி, 1911ஆம் ஆண்டில் வேலை தொடங்கினர். கீழ்நாட்டு உழவர்க்கு நீர் குறையுமெனச் சென்னை அரசாங்கம் தடை கூறிற்று. தஞ்சை மண்ணின் சோற்றை உண்டு வளர்ந்த நாம் அவ்வச்சத்தைப் பொய்யென்று தள்ளிவிடல் இயலாது. முதற்கண் 80 அடி உயரத்திற்கே இசைவு கிடைத்தது. ஆயினும் பின்னர் எழுப்பக் கருதியிருந்த 124 அடிக்கு ஏற்றவாறே அடித்தளம் அகலமாக இடப்பெற்றது. இரு நாட்டாரும் 1924ஆம் ஆண்டில் உடன்படிக்கை செய்துகொண்டனர். அதன் பின்னர் 1934ஆம் ஆண்டில் நம் மேட்டூர் அணையும் நிறைவுற்றது. நாளை எழப்போகும் உயரத்தை உள்ளத்திற் கொண்டு இன்றைய அடித்தளத்தை இடுதல் என்னும் இம்முறை, நீரைப்பற்றிய வழக்கு எவ்வாறாயினும், மாணாக்கர் ஒவ்வொருவரும் நெஞ்சிற் பதித்தற்குரியது.

1912 முதல் 1918 வரை அவர் மைசூர்த் திவானாக விளங்கினார். பதவியேற்குமுன் உறவினரையெல்லாம் அழைத்து, தம்மிடம் எவ்விதச் சலுகையும் வேண்டலாகாதென உறுதி பெற்றுக்கொண்டார் என்பர். அவர் காலத்தில் 1913ஆம் ஆண்டில் மைசூர் வங்கியும், 1916ஆம் ஆண்டில் மைசூர்ப் பல்கலைக் கழகமும், 1917ஆம் ஆண்டில் பெங்களூரில் எஞ்சினீயரிங் கல்லூரியும் தோன்றின. பத்திராவதி இரும்பாலைக்கும் வித்திடப்பெற்றது. எஞ்சினீயரிங் கல்விக்காகப் பிற நாடு செல்லவேண்டியிருந்த மாணாக்கர், தம் நாட்டு இளைஞர்க்கு அத்துன்பம் வேண்டாவென்று தம் ஊரிலேயே கல்லூரி கண்டார். சென்னைப் பட்டம் பெற்றவர் மைசூர்ப் பட்டத்திற்கு வழிகோலினார். தாம் ஏறிய ஏணியைப் பின்வருவோர்க்கும் நாட்டிய செயல் இதுவாகும்.

எனினும், வரலாறு எழுதுவோர் நிறையொன்றே கூறி அமைதல் நன்றன்று. 1918ஆம் ஆண்டில் மைசூர் அரசர், உத்தியோகங்களிற் பின்தங்கிய வகுப்பினர்க்கு உரிய இடம் அளித்தலைப்பற்றி ஆராய நீதிபதி மில்லர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தார். தகுதி குன்றுமென அஞ்சிய திவான் அதற்கு இசையாது பதவியினின்று விலகினார். கொண்ட கொள்கைக்காகப் பெரும்பதவியைத் துறந்த உறுதியை மதிக்கின்றோம். ஆயினும் கொள்கை முழுதும் சரியென்று கூற எம் உள்ளம் இசையவில்லை. தந்தையை இழந்த ஏழைச் சிறுவருக்கு ஒரு மாமன் இருந்தார்; கற்பிக்க ஒரு வீடு கிடைத்தது; அன்புடைய ஆசிரியர் ஒருவர் வாய்த்தார்; வேண்டிய பொழுதில் அரசாங்கமே கைகொடுத்தது. இவற்றுள் ஒன்று குறைந்திருப்பினும் அவர்தம் திட்டம் வெறுங் கனவாய்ப் போயிருக்கும். எழுத்தறிவும் எட்டாத வீடுகளில் பிறந்த சிறுவர்க்கு இவற்றுள் எத்தனை கிடைத்தன? தகுதி என்பது விதை. அதற்கு நிலமும் நீரும் வேண்டும். நீரை முறைவைத்துக் கடைமடைக்கும் பாயச் செய்தவர், பதவிகளைப் பகிர்வதில் அம்முறையை ஏலாமற் போனது வருந்தத்தக்கதே.

பிற்காலத்தும் அவர் ஓய்ந்திலர். இந்தியாவின் பொருளாதாரத்தைத் திட்டமிட்டு வளர்க்கும் முறையைப்பற்றி 1934ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். விடுதலை பெற்ற நாட்டில் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்குவதற்கு 17 ஆண்டுகள் முந்தியது அந்நூல். பத்திராவதி ஆலையில் உழைத்தமைக்குத் தமக்கு வரவேண்டியிருந்த ஊதியத்தைத் தாம் கொள்ளாது, இளைஞர் கைத்தொழில் பயிலும் நிலையம் ஒன்று பெங்களூரில் ஏற்படச் செய்தார். அதற்குத் தம் பெயரை இடாமல் அரசர் பெயரையே இடுவித்தார். 1951ஆம் ஆண்டில் தம் பணியின் நினைவுகளை நூலாக எழுதினார். 1955ஆம் ஆண்டில் பாரத ரத்தினம் என்னும் பட்டம் அவரைச் சார்ந்தது. நூறாண்டு கடந்து வாழ்ந்து, 1962ஆம் ஆண்டு ஏப்ரலில் பெங்களூரிற் காலமானார்.

மாணாக்க நண்பர்காள்! இப்பெரியார் வாழ்விற் கண்டவற்றைத் தொகுத்துரைத்து முடிப்போம். கையிலுள்ள நாழிகைகளை முதலில் எண்ணுக. எண்ணாதவர்க்கு அவை பற்றா. கற்றதைப் பிறர்க்கு உரைத்துப் பார்க்க. உரைக்க இயலாதது கற்றதாகாது. பொருள் குறையுங்கால் அறிவால் அக்குறையை நிரப்புக. நாளைய உயரத்திற்கு இன்றே அடித்தளம் இடுக. இவையனைத்தும் அவர் செயலாற் கற்பித்தவை. இவற்றோடு ஐந்தாவதாக ஒன்றை அவர் வாழ்வின் நிறைவும் குறைவும் சேர்ந்து கற்பிக்கின்றன. நம்மைப் படிக்கவைத்தோரை மறவாது, நம் பின்னே நிற்போர்க்கும் நம் திட்டத்தில் ஓரிடம் வைத்தல் வேண்டும். தேர்வில் முதன்மை ஒருவர்க்கே கிட்டும். இவ்வைந்தனுள் எதனையும் மேற்கொள்ள எவர்க்கும் தடையில்லை.